வராதவருக்கான விதி

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். நீங்கள் எழுதக் கொடுத்த இந்த மேசையின் முன்கால் ஒன்று ஒரு நூல் அளவு குட்டை. ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை. தொழில் புத்தி, தப்பாக நினைக்க வேண்டாம். பதினெட்டு வருஷமாக எடை இயந்திரங்களைச் சரிபார்க்கிறவன் நான். கடை கடையாகப் போவேன், முத்திரை குத்திய எடைக்கல்லைத் தட்டில் வைப்பேன், முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்காவிட்டால் நிற்கும்வரை திருகுவேன். கோபப்பட்டால் முள் நேராகாது. அதனாலோ என்னவோ, எனக்குக் கோபம் வருவதே இல்லை.

கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நான் ஒருவன்தான். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆட்டம். பதினான்கு வருஷமாக இதுதான்.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை வீரனை உருவாக்கிக்கொண்டு, அவனைப் பாழடைந்த கோட்டைக்குள்ளோ பாதாளத்துக்குள்ளோ அனுப்பி, அவனுக்கு என்ன நேர்கிறது என்று பகடை உருட்டிப் பார்ப்போம். ஒருவர் மட்டும் வீரனை வைத்துக்கொள்ள மாட்டார். கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதையெல்லாம் சொல்கிறவர் அவர். எங்கள் மேசையில் அது நான்.

மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பல் டாக்டர். ஐம்பத்திரண்டு வயது, கணவர் காலமாகிவிட்டார், வாயைத் திறந்தால் கிண்டல். அவருடைய கிளினிக்கின் முன்னறையில்தான் ஆடுவோம். அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவன் நெட்டை, தையல் மிஷின் மெக்கானிக். கதவில் குனிந்துதான் நுழைவான், இரண்டு பேச்சுக்கு மேல் பேச மாட்டான். மூன்றாவது ஆள் என் கல்லூரிச் சிநேகிதன், பிறகு என் தங்கையின் கணவன். ஏசி மெக்கானிக். மேசையில் எல்லோருமே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். சிரித்தால் அவன் தோள்தான் முதலில் குலுங்கும்.

என்னிடம் மூன்று பழைய விதிப் புத்தகங்கள் இருந்தன. பழைய பேப்பர் கடையில் வேறு வேறு காலத்தில் வாங்கியவை. ஒன்று அட்டை கிழிந்தது, ஒன்று தடிப்பானது, ஒன்று ஒல்லிப் பச்சை. மூன்றும் ஒரே மாதிரி ஆட்டத்துக்குத்தான் விதி சொல்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. கிழிந்த அட்டையில் வீரனின் உயிர்ப் புள்ளி பூஜ்யமானால் செத்தான், காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான். தடிப்புத்தகத்தில் மயங்கி விழுவான், யாராவது காயத்தைக் கட்டினால் பிழைப்பான். பச்சைப் புத்தகத்தில் கணக்கே இல்லை, ஒரு பட்டியல் இருக்கிறது. பகடை உருட்டினால் கை போகும், கண் போகும், நாக்கு போகும்.

மூன்றையும் சேர்த்து ஒரே விதியாக்க ஆசைப்பட்டேன். ஆசை என்று சொல்வதைவிட அரிப்பு என்று சொல்லலாம். ஒரு விதியைத் தொட்டால் இன்னொன்று சாயும். அதை நிமிர்த்தினால் மூன்றாவது சாயும். ஒன்பது வருஷம் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் ஆடிப் பார்த்து, திங்கள் முதல் சனி வரை திருத்தி, முந்நூற்றுப் பன்னிரண்டு விதி எழுதினேன். நெட்டை தடித்த நூல் போட்டு அதைத் தைத்துக் கொடுத்தான். அதில் யாரும் சாவதில்லை, மேடம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு மோசமாக அடிபட்டாலும் பட்டியலுக்குத்தான் போவார்கள். டாக்டர் சொல்வார்:

"உன் ஆட்டத்துல சாகவும் வழியில்ல, உருப்படியா வாழவும் வழியில்லப்பா."

எல்லாவற்றிலும் கஷ்டமானது வராதவருக்கான விதி. ஒரு ஞாயிறு ஒருவர் வராவிட்டால் அவருடைய வீரனை என்ன செய்வது? கிழிந்த அட்டை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தடிப்புத்தகம் மற்றவர்களே அவனை நடத்தட்டும் என்கிறது. பச்சைப் புத்தகம் அவன் வீட்டுக்குப் போய்விட்டான், அவ்வளவுதான் என்கிறது. எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. என் விதிகளில் மூன்று வீரர்களும் ஒருவருக்கொருவர் முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். டாக்டரின் ஆள் பூட்டைத் திறந்தால்தான் நெட்டையின் ஆள் உள்ளே போக முடியும். மாப்பிள்ளையின் ஆள் விளக்கைப் பிடித்தால்தான் இருவருக்கும் கண் தெரியும். ஒருவரை உருவினால் முந்நூறு விதியும் சரிந்துவிடும். ஏழு மாதம் யோசித்து ஒரே வரியாக எழுதினேன்: ஒருவர் வராவிட்டால், அவர் வரும்வரை உலகம் அப்படியே நிற்கும்.

அதன்பின் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்ததில்லை. ஜுரத்தோடு கூட வருவார்கள். பாவம்தான். ஆனால் வந்தார்கள்.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளைக்கு அவன் வீட்டில் வெளியூரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு அங்கே பெரிய பட்டறை, கல்யாணமானால் அங்கேயே போய்விடுவான். நான்தான் என் தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அப்பா அம்மா இல்லாத பெண், அண்ணன் சொன்னால் மறுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வேறு எண்ணம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு என்றால், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு. கூடப் படித்த பையன் ஒருவனின் கடிதம் என் கையில் கிடைத்தது. அதை அவளிடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை நல்லவன், அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதனால் அதில் பெரிய தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நெட்டைக்கு வேறு ஊரில் ஒரு பெரிய துணி ஆலையில் வேலை வந்தது. அந்த ஆலையின் எடை இயந்திரங்களைச் சரிபார்க்கப் போகிறவனும் நானே. மேலாளரோடு டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விட்டேன்: "நல்ல வேலைக்காரன் சார். இப்பல்லாம்தான் கை கொஞ்சம் நடுங்குதுன்னு சொல்றாங்க." அவ்வளவுதான். வேலை கிடைக்கவில்லை. காரணத்தையும் அவர்கள் நெட்டையிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தன் கையை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தான். பகடையை எடுக்கும் முன் ஒருமுறை, போட்டபின் ஒருமுறை. அவன் கை நடுங்கியதே இல்லை, மேடம். ஆறு மாதம் கழித்து லேசாக நடுங்க ஆரம்பித்தது.

போன வருஷம் மாப்பிள்ளை மேசையில் வைத்தே சொன்னான்.

"மச்சான், ஒரு நல்ல சேதி. கடல் தாண்டி வேலை கிடைச்சிருக்கு. பெரிய குளிர்பதனக் கிடங்கு. ரெண்டு மாசத்துல கெளம்பணும். அவளையும் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாளா? அஞ்சு வருஷம் மச்சான். அப்புறம் எப்படி அமையுதோ."

டாக்டர் எழுந்து அவன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்வது போலக் கிண்டல் செய்தார். நெட்டை, அவன் வழக்கத்துக்கு மாறாக, வாயைத் திறந்தான். "போயிட்டு வா மாப்ள. நாங்க மூணு பேரும் எப்படியாவது ஓட்டிக்கறோம்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "என் ஆளைப் பாதாளத்துலயே விட்டுடாதீங்க மச்சான். ஏதாவது ஒரு ஊர்ல எறக்கி விட்டுருங்க. சின்னதா ஒரு கடை வெச்சுப் பொழச்சுக்கட்டும்."

"விதியில அதுக்கு இடமில்லயே" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. பத்து நாள் தள்ளிப்போட முடியுமா, ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று தனியாகவும் கேட்டுப் பார்த்தேன். "உடம்புக்கு ஏதாவது வந்தாத்தான் தள்ளிப்போகும் மச்சான்" என்று விளையாட்டாகச் சொன்னான். அங்கே மருத்துவப் பரிசோதனை கடுமை, கை கால் திடமாக இருக்க வேண்டும் என்றான். அந்த யோசனையை எனக்குக் கொடுத்ததே அவன்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

கிளினிக்கின் பின்பக்க நடையில் ஏசியின் வெளிப்பெட்டி சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே வழவழப்பான தரை எப்போதும் ஈரமாகக் கிடக்கும். அளந்து பார்த்தேன். ஏணியில் அவன் நிற்கும் படி பத்தரை அடி. என் நோட்டில் விழுவதற்கான விதி மூன்று புத்தகத்தையும் இணைத்து எழுதியது: பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, விழுகிற எண்ணுக்கு உயிர்ப் புள்ளி குறையும், ஆறு விழுந்தால் மட்டும் எலும்பு முறிவுப் பட்டியல். ஒருமுறை விளையாட்டாக எங்கள் நான்கு பேருக்கும் உயிர்ப் புள்ளி கணக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பதினொன்று. ஒரு பகடையில் பதினொன்று எப்படிப் போகும்? அதிகபட்சம் கால் முறியும். ஆறு மாதத்தில் கூடிவிடும். அதற்குள் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

நானாக முடிவெடுக்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து பகடை உருட்டினேன். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் செய்வதில்லை, அவன் போகட்டும் என்று தீர்மானம். ஐந்து விழுந்தது. நாற்பத்தோராம் விதிப்படி ஆட்டத்தை நடத்துகிறவருக்கு ஒருமுறை மறுபடி உருட்டும் உரிமை உண்டு. மறுபடி உருட்டினேன், நான்கு. அந்தப் பகடையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வேறு பகடை எடுத்தேன். இரண்டு விழுந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கே அவனை வரச் சொன்னேன். ஏசி சொட்டுகிறது, டாக்டர் சங்கடப்படுகிறார், போவதற்குள் பார்த்துக் கொடுத்துவிடு என்றேன். நெட்டையும் வந்திருந்தான், முன்னறையில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். ஏணியின் இரண்டு காலடியிலும் வழுக்காமல் இருக்க ரப்பர் புஷ் மாட்டியிருக்கும். ஒன்றை முன்பே கழற்றி என் பையில் போட்டிருந்தேன். மாப்பிள்ளை ஏறினான். மேலே போய் ஸ்பேனரை வாயில் கவ்வியிருந்தவன் அதை எடுத்துவிட்டுக் கேட்டான்:

"மச்சான், புடிச்சிருக்கீங்கல்ல?"

"பிடிச்சிருக்கேன். நீ பாரு."

பிடித்துத்தான் இருந்தேன். ரப்பர் இல்லாவிட்டாலும், நான் பிடித்திருந்தவரை ஏணி அசையவில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றேன். அவன் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே திருகாணியைக் கழற்றினான். அப்புறம் கையை எடுத்தேன்.

சுவரோரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தண்ணீர்க் குழாயின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் பின்கழுத்து அதில் பட்டது, அதன்பின் தலை தரையில் பட்டது. என் விதியில் குழாய் இல்லை, மேடம். மூன்று புத்தகத்திலும் இல்லை.

டாக்டரும் நெட்டையும் ஓடிவந்தார்கள். நான் ரப்பர் புஷ்ஷைப் பையிலிருந்து எடுத்து ஏணியில் மாட்டிவிட்டுத்தான் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு நாள் இருந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, பேச்சும் வராது என்றார்கள். காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்றும் சொன்னார்கள். கண் இமைகளை மட்டும் தன்னிஷ்டப்படி மூடித் திறக்கிறான்.

என் தங்கை இடிந்துபோய்விட்டாள். நான்தான் படுக்கைக் கட்டில் ஏற்பாடு செய்தேன், புண் வராத மெத்தை வாங்கினேன், தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்தேன். "அண்ணா, நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழும்போது எனக்கும் கண்ணீர் வந்தது. அது நடிப்பு இல்லை.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆட்டத்தை அவன் கட்டிலைச் சுற்றி வைத்துக்கொண்டோம். அவன் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்று நான் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முந்நூற்றுப் பதின்மூன்றாவது விதி எழுதினேன்: ஒருமுறை இமைத்தால் ஆம், இரண்டுமுறை இமைத்தால் இல்லை. அவன் பகடையை நான் உருட்டுவேன். "மாப்பிள்ளை, விளக்கைப் பிடிச்சுகிட்டு முன்னால போறியா?" என்று கேட்பேன். பெரும்பாலும் அவன் கண்ணை மூடி அப்படியே வைத்துக்கொள்வான், திறக்கவே மாட்டான். நீண்ட நேரம் மூடியிருந்தால் அது ஒரு ஆம் என்று கொள்ளலாம் எனத் தீர்மானித்தேன்.

டாக்டர் ஓரிரு முறை, "போதும்ப்பா, அவன் களைச்சுட்டான்" என்றார். கிண்டல் எல்லாம் நின்றுபோய்விட்டது அவரிடம். தன் கிளினிக், தன் ஏணி என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார். நெட்டை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் ஒரு ஞாயிறும் இருவரும் வராமல் இருந்ததில்லை. எப்படி வராமல் இருப்பார்கள்? இத்தனை வருஷத்தில் எங்கள் ஆட்டம் அவ்வளவு ஒழுங்காக நடந்ததே இல்லை.

போன மாதம் தங்கை ஓர் அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போவாள், வேண்டிய எழுத்து வந்ததும் அவன் இமைக்க வேண்டும். ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே, நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே அதைச் செய்து பார்த்தாள். 'ப'வில் இமைத்தான். பிறகு உயிரெழுத்து வரிசைக்குப் போனாள். 'ஓ'வில் இமைத்தான். போ. அவன் கண் என்மேல் இருந்தது. அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அதற்குமேல் அவனால் முடியவில்லை.

தங்கை அதைப் 'போகலாம்' என்று எடுத்துக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். தன் வீரன் முன்னால் போகட்டும் என்றுதான் அவன் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அப்போது அவனுடைய முறை. விளக்கோடு ஒரு வாசலில் நின்றிருந்தான். நான் பகடையை உருட்டி அவனை வாசலுக்குள் அனுப்பி வைத்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தங்கை சொன்னாள்:

"அண்ணா, நான் இவரை வெளியூர் கூட்டிட்டுப் போறேன். அங்க இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். பேச்சு வரலன்னாலும் எழுத்துப் பழக்கி விடுவாங்களாம். அங்கேயே ஒரு வீடும் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி."

"ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன்.

"என்ன ஞாயித்துக்கிழமை?"

"ஆட்டம் இருக்கே."

அவள் மாப்பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. அவளும் என்னைப் போலத்தான். "அண்ணா, அவர் ஆடல. இத்தனை மாசமா அவர் ஆடவே இல்ல. நாங்க யாருமே ஆடல. நீ வருத்தப்படுவியேன்னுதான் உக்காந்திருக்கோம்."

அவளாகச் சொல்லவில்லை, அலுப்பு சொல்ல வைக்கிறது. புதன்கிழமை ஒருநாள் முழுக்க மூன்று புத்தகத்தையும் புரட்டினேன். ஒருவர் ஒரேயடியாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று எதிலும் இல்லை. வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் தோன்றவில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

இன்று காலை இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை, பதினோரு மாதம் கழித்து ஏன் நீங்களாக வந்து சொல்கிறீர்கள் என்று இரண்டுமுறை கேட்டீர்கள். மனசாட்சியா என்றும் கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் இருக்கலாம். உங்களைப் பார்க்குமுன் வாசலில் நின்ற ஏட்டையாவிடம் பொதுவாக ஒரு விவரம் கேட்டேன். இந்த மாதிரி வழக்கில் அடிபட்டவரையும் சாட்சிகளையும் கூப்பிட்ட நேரத்துக்கு வரும் தூரத்திலேயே இருக்கச் சொல்வீர்களாம். எத்தனை வருஷம் இழுக்கும் என்றேன். ஏழெட்டு வருஷம் சாதாரணம் என்றார். நல்ல மனிதர்.

எனவே வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏணியின் ரப்பரைக் கழற்றியவன் நான். அவன் விழ வேண்டும் என்று தெரிந்தே கையை எடுத்தவன் நான். டாக்டர் சாட்சி, ஏணி அவருடையது. நெட்டை சாட்சி, சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் அவன். தங்கையிடமும் நீங்கள் வாக்குமூலம் வாங்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளையிடம் இமையை வைத்துத்தான் வாங்க முடியும், அந்த முறையை நான் சொல்லித் தருகிறேன். நான்கு பேரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு கொடுத்துவிடுங்கள். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அவள் வண்டிக்குச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் கொடுத்தால் போதும்.

ஜெயிலுக்குள் இருப்பவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.